சூறாவளி வரைபடத்தின் நீளமான பட்டை எதைச் சொல்கிறது? பேய்சியன் வலையமைப்பில் உணர்திறன் முடிவுகளைப் படிக்கும் முறை

கேள்வி சுருக்கமாக இது: நோயறிதல் தொடர்பான பேய்சியன் வலையமைப்பு (காரணிகளைக் கணுக்களாகவும் அவற்றின் சார்புகளை அம்புகளாகவும் வரைந்து நிகழ்தகவுகளால் இணைப்பது) ஒன்றைக் கட்டி, அதன்மேல் உணர்திறன் பகுப்பாய்வை (எது மாறினால் விடை எவ்வளவு மாறும் என்ற சோதனையை) இயக்கியிருக்கிறீர்கள். கணுக்களை வரிசைப்படுத்திய ஓர் அட்டவணையும், பட்டைகள் மேலிருந்து கீழாகக் குறுகிக்கொண்டே வரும் ஒரு சூறாவளி வரைபடமும் கைக்கு வந்துள்ளன. இரண்டின் வரிசையும் ஒத்துப்போகவில்லை. எது முதலிடத்தில் இருக்கிறதோ அதுவே மிக முக்கியமான காரணி என்று ஆய்வேட்டில் எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதக் கூடாது. அந்த இரண்டு முடிவுகளும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். இரண்டில் எதுவும் காரணத்தைப் பற்றிப் பேசவில்லை. அட்டவணை, ‘இன்னொரு கணுவின் நிலை தெரியவந்தால் இலக்குக் கணுவை (நாம் அறிய விரும்பும் கணுவை)ப் பற்றிய ஐயம் எவ்வளவு குறையும்’ என்று சொல்கிறது. இது சான்று சார்ந்த உணர்திறன். சூறாவளி வரைபடமோ, ‘நிபந்தனை நிகழ்தகவு அட்டவணையில் நான் எழுதிய ஓர் எண் சற்றுப் பிசகியிருந்தால் விடை எவ்வளவு நகரும்’ என்று சொல்கிறது. இது அளவுரு சார்ந்த உணர்திறன்; ஒரு கணுவின் நிகழ்தகவை, அதற்கு அம்பு வரும் கணுக்களின் ஒவ்வொரு நிலைக்கும் தரும் எண்களே அளவுருக்கள். முதலாவது உலகத்தைப் பற்றியது என்றால், இரண்டாவது நம் அறியாமையைப் பற்றியது. போதாக்குறைக்கு, மருத்துவப் பரிசோதனைகளைப் பற்றிப் பேசும்போது, நோயுள்ளவரைச் சரியாகக் கண்டுபிடிக்கும் விகிதத்துக்கும் ‘உணர்திறன்’ என்றே பெயர். ஒரே பத்தியில் மூன்று பொருளிலும் இச்சொல் வந்து, எழுதியவருக்கே எது எதுவென்று தெரியாமல் போன ஆய்வேடுகளை நான் திருத்தியிருக்கிறேன். எனவே கீழே இச்சொல்லைப் பகுப்பாய்வுக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் வலையமைப்பு என் கையில் இல்லாததால், எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஸ்டெஃபன் லாரிட்சனும் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் ‘ஆசியா’ வலையமைப்பு அது. பெரும்பாலான மென்பொருள்களோடு மாதிரிக் கோப்பாகவே அது வருகிறது. கீழே உள்ள கணக்குகளை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம். அதில் எட்டுக் கணுக்கள், எட்டு அம்புகள். ஆசியப் பயணம் காசநோயின் வாய்ப்பைக் கூட்டுகிறது. புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய், மூச்சுக்குழாய் அழற்சி இரண்டின் வாய்ப்பையும் கூட்டுகிறது. காசநோயோ புற்றுநோயோ இருந்தால் ‘இரண்டில் ஒன்று’ என்ற தர்க்கக் கணு உண்மையாகிறது. எக்ஸ்ரே முடிவு அந்தக் கணுவைச் சார்ந்தது. மூச்சுத்திணறல் அதையும் மூச்சுக்குழாய் அழற்சியையும் சார்ந்தது. எண்கள் பாடத்துக்காகப் புனையப்பட்டவை என்பதை மறந்துவிட வேண்டாம். பயணம் செய்தவர் 0.01, பயணித்தவருக்குக் காசநோய் 0.05, மற்றவருக்கு 0.01; புகைபிடிப்பவர் 0.5, அவர்களுக்குப் புற்றுநோய் 0.1, மற்றவருக்கு 0.01, நோய் இருந்தால் எக்ஸ்ரே பிறழ்வு காட்டுவது 0.98, இல்லாதபோதும் காட்டுவது 0.05. நம் இலக்குக் கணு நுரையீரல் புற்றுநோய். எந்தச் சான்றும் இல்லாதபோது அதன் நிகழ்தகவு 0.055, எக்ஸ்ரே பிறழ்வு என்ற சான்றைக் கொடுத்தால் 0.489.

முதலில் அட்டவணை. சான்று ஏதும் உள்ளிடாமல், புற்றுநோய்க் கணுவை இலக்காக வைத்தால், அதன் என்ட்ரோபி (ஐயத்தின் அளவு) 0.307 பிட். எக்ஸ்ரே முடிவோடு அதற்குள்ள பரஸ்பரத் தகவல் (ஒன்று தெரிந்தால் மற்றதன் ஐயம் சராசரியாகக் குறையும் அளவு) 0.185 பிட், அதாவது ஐயத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடு. புகைபிடித்தலோடு 0.032 பிட், அதாவது 10.5 விழுக்காடு. ஆசியப் பயணத்தோடும் காசநோயோடும் சுழி. நெட்டிகா போன்ற மென்பொருள் தரும் அட்டவணையும் இந்த எண்களைத்தான் இறங்குவரிசையில் அடுக்கித் தரும்.

எக்ஸ்ரே மேலே, புகை கீழே என்பதைக் கண்டு யாரும் ‘எக்ஸ்ரேதான் புற்றுநோய்க்கு முக்கியக் காரணி’ என்று எழுதமாட்டார்கள், ஏனென்றால் இங்கே அபத்தம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் கணுக்களின் பெயர்கள் ‘நிறுவனப் பண்பாடு’, ‘மேற்பார்வைத் தரம்’, ‘விபத்து’ என்று இருக்கும்போது அதே தவற்றை எல்லோரும் தயங்காமல் செய்கிறோம். பரஸ்பரத் தகவலுக்கு அம்பின் திசை தெரியாது. விளைவிலிருந்து காரணத்தை ஊகிப்பதும் காரணத்திலிருந்து விளைவை ஊகிப்பதும் அதற்கு ஒன்றுதான். அடுத்து எந்தப் பரிசோதனையைச் செய்வது, எந்தத் தரவைத் தேடிப் போவது என்று முடிவெடுக்க இந்த அட்டவணை மிக நல்ல துணை. எதை மாற்றினால் நோய் குறையும் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இன்னொரு நுணுக்கம், இந்த எண் ஒரு சராசரி என்பது. எக்ஸ்ரே பிறழ்வு காட்டிய நோயாளிக்குப் புற்றுநோயின் நிகழ்தகவு 0.055இலிருந்து 0.489க்கு ஏறுகிறது, அந்த நிலையில் என்ட்ரோபி 0.9996 பிட். அதாவது அவரைப் பொறுத்தவரை நம் ஐயம் குறையவில்லை, மூன்று மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. எக்ஸ்ரே சரியாக இருந்த நோயாளிக்கு அது 0.014 பிட்டாக விழுகிறது. நூற்றில் 89 பேர் இரண்டாவது வகை என்பதால் சராசரியில் 60 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கு வருகிறது. ‘எக்ஸ்ரே எடுத்தால் ஐயம் 60 விழுக்காடு தீரும்’ என்று ஒரு தனி நோயாளியிடம் சொன்னால் அது பொய்.

சுழிகளையும் நம்பிவிட வேண்டாம். காசநோய்க்கு எதிரே உள்ள சுழி, ‘இப்போது எந்தச் சான்றும் இல்லாத நிலையில்’ என்ற நிபந்தனையோடு வருகிறது. எக்ஸ்ரே பிறழ்வு என்று உள்ளிட்ட பிறகு கணக்கே வேறு: அந்த நோயாளிக்குக் காசநோய் உறுதியானால் புற்றுநோயின் நிகழ்தகவு 0.489இலிருந்து மறுபடி 0.055க்கே திரும்பிவிடுகிறது, ஏனென்றால் பிறழ்வுக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. காசநோய் இல்லை என்று உறுதியானால் 0.533க்கு ஏறுகிறது. சுழியைக் கண்டு அக்கணுவை ‘தேவையற்றது’ என்று வலையமைப்பிலிருந்து நீக்கியவருக்கு இந்தத் திருப்பம் கிடைத்திருக்காது.

இனி சூறாவளி வரைபடம். சிக்கலும் சுவையும் இங்கேதான் அதிகம்.

ஓர் அளவுருவை மட்டும் மாற்றி மற்றவற்றை அப்படியே வைத்தால், சான்று கொடுக்கப்பட்ட நிலையில் இலக்கின் நிகழ்தகவு, அந்த அளவுருவின் இரண்டு நேரியல் கோவைகளின் விகிதமாக அமையும். 1990களில் நிறுவப்பட்ட இந்த எளிய உண்மைதான் பல மென்பொருள்களுக்கும் அடித்தளம். நம் எடுத்துக்காட்டில், நோய் இல்லாதவருக்கும் எக்ஸ்ரே பிறழ்வு காட்டும் தவறான எச்சரிக்கை வீதத்தைத் ‘த’ என்று வைத்துக்கொண்டால், பிறழ்வு கண்டவருக்குப் புற்றுநோய் இருக்கும் நிகழ்தகவு

0.0539 ÷ (0.0635 + 0.9352 × த)

என்றாகிறது. த = 0.05 என்றால் 0.489. அது 0.02 என்றால் 0.655; 0.10 என்றால் 0.343. அதே எக்ஸ்ரே கணுவின் இன்னோர் எண்ணான 0.98ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை 0.90க்கு இறக்கினால் விடை 0.471, 0.80க்கே இறக்கினாலும் 0.446தான். பதினெட்டுப் புள்ளி இறக்கியும் விடை நான்கு புள்ளிதான் நகர்ந்தது. பக்கத்து எண்ணை ஐந்து புள்ளி ஏற்றியதற்கே பதினைந்து புள்ளி நகர்ந்துவிட்டது.

காரணம் அந்தச் சமன்பாட்டிலேயே தெரிகிறது. 0.9352 என்பது காசநோயும் புற்றுநோயும் இல்லாதவர்களின் பங்கு. அந்தப் பெருங்கூட்டத்தில் ஒவ்வொரு விழுக்காட்டுத் தவறான எச்சரிக்கையும் பிறழ்வு கண்டவர்களின் வரிசையை நீட்டிக்கொண்டே போகிறது. நோயுள்ளவர்களோ 6.5 விழுக்காடு மட்டுமே. அவர்களில் சிலரைத் தவறவிட்டாலும், பிறழ்வு கண்டவர்களுக்குள் புற்றுநோயாளிகளின் பங்கு அதிகம் மாறாது. ஓர் உணர்திறன் முடிவை நீங்கள் புரிந்துகொண்டீர்கள் என்பதற்கு இதுதான் சோதனை: பட்டை ஏன் நீளமாக இருக்கிறது என்பதை எண்களைக் கொண்டே ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லையென்றால், பெரும்பாலும் உங்கள் நிபந்தனை அட்டவணையில் எங்கோ ஒரு வரி தலைகீழாக உள்ளிடப்பட்டிருக்கும். நான் கண்ட பிழைகளில் பாதி இப்படித்தான் பிடிபட்டன. இந்தப் பயனை மட்டும் கருதினாலே பகுப்பாய்வைச் செய்துவிடலாம்.

மென்பொருள் ‘உணர்திறன் மதிப்பு’ என்று தருவது பொதுவாக, இந்த வளைவுக்கு இப்போதைய புள்ளியில் உள்ள சாய்வு. த = 0.05 என்ற புள்ளியில் அது 4.14 (இறங்கு திசையில்). இந்த எண்ணை வைத்து நெடுந்தூரம் கணக்குப் போடக் கூடாது. நேர்கோடு என்று எண்ணிக்கொண்டு 0.10க்குப் போனால் 0.28 என்று வரும். உண்மையான விடை 0.343. அதே கோட்டில் 0.17 வரை போனால் நிகழ்தகவு சுழிக்குக் கீழே இறங்கிவிடும். உண்மையில் அங்கே அது 0.24. வளைவு ஓர் அதிபரவளைவு, 0.17 அருகே அதன் சாய்வு 1க்கு வந்து, அதன் பிறகு தட்டையாகிறது. ஆகவே சாய்வு ஒன்றை விடப் பெரிது என்றால் கவனி, சிறிது என்றால் விடு என்ற வழக்கமான விதியும் முழுமையானதன்று. சாய்வு சிறிதாக இருந்தும் வளைவின் திருப்பத்துக்கு மிக அருகே நிற்கும் அளவுரு, சற்று நகர்ந்தாலே செங்குத்தான பக்கத்தில் விழுந்துவிடலாம். முடிந்தவரை சாய்வை மட்டும் பார்க்காமல் வளைவையே வரைந்து பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் முள். வரிசை எதைப் பொறுத்தது? சாய்வை வைத்து அடுக்கினால் நம் வலையமைப்பில் முதலிடம் தவறான எச்சரிக்கை வீதத்துக்கு, 4.14. அடுத்து, பயணம் செய்யாதவருக்குக் காசநோய் வரும் வீதம், 3.86. அதன் பிறகு புகைபிடிப்பவரின் புற்றுநோய் வீதமும் புகைபிடிக்காதவரின் புற்றுநோய் வீதமும், இரண்டும் சரிசமமாக 2.40. புகைபிடிப்போர் பங்கு 0.43, எக்ஸ்ரேயின் 0.98 என்ற எண்ணுக்கு 0.21, பயணத்துக்கு 0.16. மூச்சுக்குழாய் அழற்சி, மூச்சுத்திணறல் ஆகியவற்றின் எண்கள் எல்லாம் சுழி, ஏனென்றால் அவை பற்றிய சான்று எதுவும் இங்கே இல்லை.

அந்தச் ‘சரிசமம்’ என்பதைச் சற்று நிறுத்திப் பாருங்கள். புகைபிடிப்பவருக்கு 0.1, மற்றவருக்கு 0.01. சாய்வு ஒன்றேதான். ஆனால் 0.1 என்று எழுதியவர் 0.02 அளவுக்குத் தவறியிருக்கக்கூடும் என்று எளிதாக நம்பலாம், 0.01 என்று எழுதியவர் அதே 0.02 தவறியிருக்கிறார் என்றால் அவர் மதிப்பு மும்மடங்காகிவிடும், அல்லது எதிர்ம எண்ணாகிவிடும். சம தூர நகர்வு என்பது இந்த இரண்டுக்கும் சமமான நகர்வே அன்று. ஆகவே பலர் ஒவ்வொரு எண்ணையும் அதன் மதிப்பில் 10 விழுக்காடு கூட்டியும் குறைத்தும் பார்க்கிறார்கள். அப்போது முதலாவதன் பட்டை இரண்டாவதைப் போலப் பத்து மடங்கு நீளமாகிறது. ஆனால் அந்த முறைக்கும் ஒரு கோணல் உண்டு: 0.98ஐப் பத்து விழுக்காடு கூட்ட முடியாது, ஒன்றைத் தாண்டிவிடும். நோயைத் தவறவிடும் வீதம் என்று திருப்பி எழுதினால் அதே தகவல் 0.02 ஆகி, பட்டை ஊசியாகச் சுருங்கிவிடும். எழுதும் விதத்தைப் பொறுத்துப் பட்டையின் நீளம் மாறுமானால் அந்த நீளத்தை எப்படி நம்புவது?

இதற்கு ஓரளவு நல்ல வழி, நிகழ்தகவை அதன் எஞ்சிய பகுதியால் வகுத்து, அந்த விகிதத்தின் மடக்கையை அளவுகோலாகக் கொள்வது. அந்த அளவுகோலில் 0.02உம் 0.98உம் கண்ணாடிப் பிம்பங்கள். சாய்வோடு, அளவுருவையும் ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியையும் பெருக்கினால் போதும். இப்படி மறுபடி அடுக்கினால் முதலிடம் புகைபிடிப்பவரின் புற்றுநோய் வீதத்துக்குப் போகிறது (0.216); தவறான எச்சரிக்கை இரண்டாவதாகிறது (0.197), புகைபிடிப்போர் பங்கு மூன்றாமிடத்துக்கு ஏறுகிறது (0.108), சற்று முன் இரண்டாமிடத்தில் இருந்த காசநோய் வீதம் நான்காமிடத்துக்கு இறங்குகிறது (0.038). வலையமைப்பு அதேதான், சான்று அதேதான், இலக்கும் அதேதான். அளவுகோல் மாறியது, முதலிடம் கைமாறியது. எந்த அளவுகோல் என்று சொல்லாமல் ‘முதலிடத்தில் உள்ள அளவுரு’ என்று எழுதுவதில் பொருளே இல்லை.

இந்த மடக்கை அளவுகோலுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. ஹெய் சானும் அத்னான் டார்விஷும் 2002இல் காட்டியபடி, இருநிலைக் கணுக்களில் ஓர் அளவுரு இந்த அளவுகோலில் எவ்வளவு நகர்கிறதோ அதற்கு மேல் எந்த விடையும் நகர முடியாது. கூரை தெரியும், அவ்வளவுதான். விடை கூரையைத் தொடும் என்று பொருளில்லை. எக்ஸ்ரேயின் 0.98க்கு அந்தக் கூரை சாய்வைக் கிட்டத்தட்ட 13 வரை அனுமதிக்கிறது. உண்மையான சாய்வோ 0.21.

ஆனால் என்னைக் கேட்டால், எந்த அளவுகோலை விடவும் சிறந்தது, அந்த எண் எங்கிருந்து வந்ததோ அங்கே திரும்பிப் போவதுதான். தவறான எச்சரிக்கை 0.05 என்பது 40 பேரில் 2 பேருக்கு நேர்ந்ததைக் கண்டு எழுதியதா, 4,000 பேரில் 200 பேரைக் கண்டு எழுதியதா? முதலாவதானால் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 0.006 முதல் 0.17 வரை விரியும், விடை 0.24க்கும் 0.78க்கும் இடையே எங்கும் இருக்கலாம். இரண்டாவதானால் 0.043 முதல் 0.057, விடை 0.46 முதல் 0.52 வரைதான். மென்பொருளின் இயல்புநிலை அமைப்பான பத்து விழுக்காடு இந்த இரண்டு நிலைகளுக்கும் ஒரே பட்டையைத்தான் வரையும். எண்ணை நிபுணர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார் என்றால், ‘இதற்குக் கீழே போனால் நீங்கள் வியப்பீர்களா, இதற்கு மேலே போனால் வியப்பீர்களா’ என்று அவரிடமே இரண்டு எல்லைகளையும் கேட்டு வாங்கி, அந்த எல்லைகளுக்குள் வரையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நான் முக்கியம் என்று கருதுவதை இன்னும் சொல்லவில்லை. விடை நகர்கிறது என்பது மட்டும் கவலைக்குரியதன்று. அந்த விடையைக் கொண்டு எடுக்கும் முடிவு மாறுகிறதா என்பதே கேள்வி.

மருத்துவர் ஒருவர், புற்றுநோயின் நிகழ்தகவு 0.10ஐத் தாண்டினால் அடுத்த கட்டப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று வைத்திருக்கிறார் என்று கொள்வோம். இப்போதைய விடை 0.489. தவறான எச்சரிக்கை வீதம் எவ்வளவு உயர்ந்தால் விடை 0.10க்குக் கீழே இறங்கும்? மேலே உள்ள சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் 0.508 வரை உயர வேண்டும். அதாவது நோயில்லாதவர்களில் பாதிப் பேருக்குப் பிறழ்வு காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் வேண்டும். 40 பேர் தரவே இருந்தாலும் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட நாம் இல்லை. சூறாவளி வரைபடத்தின் மிக நீளமான பட்டை இந்த முடிவைத் தொடவேயில்லை. இப்போது வேறொரு மருத்துவர், 0.5ஐத் தாண்டினால்தான் ஓர் ஆபத்தான சிகிச்சையைத் தொடங்குவேன் என்கிறார். அதே வீதம் 0.05இலிருந்து 0.0473க்கு இறங்கினால் போதும், விடை 0.5ஐக் கடந்துவிடும். மூன்றாவது தசம இடத்தில் நிகழும் அசைவு. ஒரே சாய்வு, ஒரே பட்டை. முதல் மருத்துவருக்கு அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், இரண்டாமவருக்கு அந்த எண் தெரியாமல் ஓர் அடி எடுத்துவைக்க முடியாது.

இப்படி, முடிவு மாறாமல் ஓர் அளவுரு எந்த எல்லை வரை நகரலாம் என்பதைக் கணக்கிடுவது, என் பார்வையில், உணர்திறன் பகுப்பாய்வின் உண்மையான விளைபொருள். நெதர்லாந்தில் லிண்டா வான் டெர் காக்கும் சில்ஜா ரெனாய்யும் இதை ‘ஏற்கத்தக்க விலகல்’ என்ற கருத்தாக வளர்த்தெடுத்தார்கள். சாய்வை விட இதை வாசகருக்கு விளக்குவதும் எளிது: ‘0.05 என்று வைத்திருக்கிறோம், 0.50 வரை போனாலும் பரிந்துரை மாறாது’ என்றால் கணிதம் அறியாதவருக்கும் புரியும். நானே ஒரு பணியில், முதலிடத்துப் பட்டையைக் கண்டு மிரண்டு, அந்த ஓர் எண்ணுக்கு மட்டும் பழைய பதிவேடுகளைப் புரட்டி இரண்டு வாரம் செலவிட்டேன். எண் கணிசமாகத் திருந்தியது, பரிந்துரை ஓர் எழுத்தும் மாறவில்லை. எல்லையை முதலில் கணக்கிட்டிருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

அடுத்தது, பகுப்பாய்வு எந்த நோயாளிக்குச் செய்யப்பட்டது என்பது. ஒரு வலையமைப்புக்கு ஒரே உணர்திறன் முடிவு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு சான்றுத் தொகுதிக்கும் தனி முடிவு உண்டு. எக்ஸ்ரே பிறழ்வோடு, நோயாளி புகைபிடிக்காதவர் என்ற சான்றையும் சேர்த்துப் பாருங்கள். விடை 0.142 ஆகிறது. புகைபிடிப்பவரின் புற்றுநோய் வீதம், சற்று முன் மடக்கை வரிசையில் முதலிடத்தில் இருந்தது, இப்போது சுழி. அது இந்த நோயாளியைப் பற்றியதே அன்று. புகைபிடிக்காதவரின் வீதத்தின் சாய்வு 2.40இலிருந்து 12.3க்குத் தாவுகிறது, சான், டார்விஷ் சொன்ன கூரையை அப்படியே தொட்டு நிற்கிறது. 0.10 என்ற எல்லையை வைத்திருக்கும் முதல் மருத்துவர் இதுவரை நிம்மதியாக இருந்தார் அல்லவா? இந்த நோயாளியைப் பொறுத்தவரை, அந்த வீதம் 0.01 என்பதற்குப் பதில் 0.0067 என்றிருந்தாலே விடை எல்லைக்குக் கீழே போய்விடும். தவறான எச்சரிக்கை வீதம் 0.05இலிருந்து 0.08க்கு ஏறினாலும் அதே கதி. ‘எங்கள் வலையமைப்பு உறுதியானது’ என்று ஒரு சராசரி நோயாளியை வைத்து எழுதிய வாக்கியம் இவரிடம் பொய்த்துவிடுகிறது. ஆகவே நடைமுறையில் எதிர்ப்படும் சான்றுத் தொகுதிகளில் நான்கைந்தையாவது எடுத்துத் தனித்தனியாகச் செய்யுங்கள். முக்கியமாக, விடை தீர்மான எல்லைக்கு அருகே விழும் தொகுதிகளை.

ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் அசைப்பதன் குறை வெளிப்படை. தவறான எச்சரிக்கையை 0.10 ஆக்கினால் 0.343, புகைபிடிப்பவரின் வீதத்தை 0.05 ஆக்கினால் 0.337, இரண்டையும் சேர்த்துச் செய்தால் 0.217. எதிர்த்திசையில் 0.02, 0.20 என்று வைத்தால் 0.793. எல்லா எண்களையும் ஒரே நேரத்தில் அவற்றின் நம்பக இடைவெளிக்குள் சீரற்ற முறையில் மாற்றி, சில ஆயிரம் முறை ஓட்டிப் பார்ப்பது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டே அன்று. நிலைகள் இரண்டுக்கு மேல் உள்ள கணுவில் ஓர் எண்ணை உயர்த்தினால் மற்றவை எப்படிக் குறைய வேண்டும் என்பதையும் தீர்மானிக்க வேண்டும். பழைய விகிதம் மாறாமல் குறைப்பதே வழக்கம், வேறு காரணம் இல்லாவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பகுப்பாய்வின் கண்ணுக்குத் தப்பிவிடுவது எது என்பதையும் ஆய்வேட்டில் ஒரு பத்தி எழுதுங்கள். ‘இரண்டில் ஒன்று’ என்ற கணுவின் எண்கள் சுழியும் ஒன்றும் மட்டுமே. பத்து விழுக்காட்டு விதியில் சுழி சுழியாகவே இருக்கும், மடக்கை அளவுகோலிலோ அது முடிவிலியில் நிற்கும். ஆக, நீங்கள் ‘நடக்கவே நடக்காது’ என்று எழுதிவைத்த இடங்களை எந்தப் பட்டையும் கேள்வி கேட்காது. இல்லாத அம்புகளும் அப்படியே. இந்த வலையமைப்பில் புகைபிடித்தலிலிருந்து காசநோய்க்கு அம்பு இல்லை. உண்மை உலகில் புகைபிடித்தல் காசநோயின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. எட்டுக் கணுக்களின் எல்லா எண்களையும் எவ்வளவு அசைத்தாலும் அந்த விடுபட்ட அம்பு வரைபடத்தில் தலைகாட்டாது. அதற்கு அம்பைச் சேர்த்து இன்னொரு வலையமைப்பைக் கட்டி, இரண்டின் விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆய்வேட்டுக்கு ஒரு வாக்கிய அமைப்புக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் வந்தால் இப்படி எழுதச் சொல்வேன்: ‘எக்ஸ்ரே பிறழ்வு கண்ட, புகைபிடிக்காத நோயாளியிடம் நுரையீரல் புற்றுநோயின் நிகழ்தகவு 0.142. மேல்பரிசோதனைக்கான எல்லை 0.10. தவறான எச்சரிக்கை வீதம் (இப்போது 0.05) 0.08ஐத் தாண்டினாலோ, புகைபிடிக்காதவரின் புற்றுநோய் வீதம் (இப்போது 0.01) 0.0067க்குக் கீழே இறங்கினாலோ பரிந்துரை மாறும். எக்ஸ்ரேயின் பிற எண்ணோ பயண வீதமோ ஏற்கத்தக்க எந்த அளவுக்கு மாறினாலும் மாறாது.’ இந்த வாக்கியத்தை எழுத, உங்கள் சூறாவளி வரைபடத்தின் வரிசை எங்குமே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். வரைபடத்தைப் பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளலாம்.